‘தப்புதாங்க தொரை’ என்று தொடங்கிய வாதம்

என் பிரியமான பெரியண்ணனுக்கு,

உங்கள் தங்கச்சி கொழும்பில் சட்டம் படிக்கிறாள். சிரிக்காதீர்கள். நாற்பது தாண்டிய நான், இப்போதுதான் மீசை முளைத்த பையன்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் விரிவுரையாளர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் டீச்சராக இருந்த பழக்கத்தில் “உட்காருங்க” என்று சொல்லிவிட்டேன்.

இப்போது லீவில் கொட்டகலைக்கு வந்திருக்கிறேன். அண்ணி சுகம். வாயும் சுகம்.

எங்களுக்கு மேன்முறையீடு என்று ஒரு பாடம். கீழ்க்கோர்ட்டில் தோற்றவருக்காக மேல்கோர்ட்டுக்குப் போய், அந்தத் தீர்ப்பு பிழை என்று காட்ட வேண்டும். முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று பேச வேண்டும். எல்லாம் இங்கிலீசில். பயிற்சிக்குத் தந்தது ஒரு மாட்டு வழக்கு. நுவரெலியாவில் ஒருவருடைய மாடு வேலி தாண்டிப் போய் அடுத்தவருடைய முட்டைக்கோவாப் பாத்தியைத் தின்றுவிட்டது. மாட்டுக்காரர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. நான் மாட்டுக்காரர் பக்கம்.

விழுந்து விழுந்து எழுதினேன். ‘கனம் நீதிபதிகளின் பாதம் பணிந்து’ என்று ஆரம்பித்து, மாட்டுக்காரருடைய குடும்பக் கஷ்டம், மாட்டின் நல்ல குணம் எல்லாவற்றையும் சேர்த்தேன். விரிவுரையாளர் சிவப்புப் பென்சிலால் உழுது திருப்பித் தந்தார். ஓரத்தில் ‘யாருடைய பாதம்?’ என்று கேட்டிருந்தார். கீழே பதிவானதை வைத்துத்தான் மேலே பேசலாமாம். புதுக்கதை எதுவும் சேர்க்கக் கூடாதாம். மாட்டின் குணம் பதிவில் இல்லையாம்.

பேசும் நாள் வந்தது. மூன்று விரிவுரையாளர்கள் நீதிபதிகளாக மேலே உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. வாயும் தானாகத் திறந்தது.

“மாடு மேய்ந்தது எங்கள் தப்புதான், கனம் நீதிபதி அவர்களே.”

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “தப்பு என்று நீங்களே ஒத்துக்கொண்டால் இங்கே எதற்கு வந்தீர்கள்?”

“அது சும்மா மரியாதைக்குச் சொன்னது.”

வகுப்பே சிரித்தது. மேன்முறையீடு தள்ளுபடி. ஒரு தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு விரிவுரையாளர் தனியாகக் கூப்பிட்டார். “அம்மா, உங்களுக்குக் கோர்ட்டில் பேச வராது. அப்புக்காத்து ஆகும் ஆசையை விடுங்கள். புரொக்டர் படிப்புக்கு மாறி, காணி உறுதிப் பத்திரம் எழுதிப் பிழையுங்கள். அடுத்த தவணையில் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். அதிலும் இப்படித்தான் என்றால் நான் சொன்னதைக் கேட்க வேண்டும்.”

அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா அண்ணே? ஆட்களுக்காகப் பேசும் தேயிலைத் தோட்டத் தலைவராக நீங்கள் ஆப்பீஸ் வாசலில் நின்ற அத்தனை நாளும் அப்படித்தானே ஆரம்பித்தீர்கள்? கொழுந்து நிறுவையில் கைவைத்தவன் கணக்குப்பிள்ளை; தப்பு உங்களுடையது. நாம் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகும், தப்பு உங்களுடையது. துரையின் நாய் உங்களைக் கடித்த அன்றைக்கும், “தப்புதாங்க தொரை, நான் கால அங்க வச்சிருக்கக் கூடாது” என்றீர்கள். துரை சிரித்துவிடுவார். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதை மெதுவாகக் கேட்டு வாங்கிவிடுவீர்கள். இப்போது போயிருக்கும் இடத்திலும் வாசலில் அதைத்தான் சொன்னீர்களா?

பிரஜாவுரிமை விசாரணையில் மட்டும் அது பலிக்கவில்லை. “இந்தியாவுக்குப் போய்த் தங்கிவிட்டீராமே?” என்று அதிகாரி கேட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்த மனுஷன் நீங்கள். “தப்புதாங்க ஐயா” என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். ஒரே வயிற்றில் பிறந்த நம்மில் நான் இந்த நாட்டுக்காரி, நீங்கள் இல்லை என்று ஆனது. நீங்கள் போட்ட மேன்முறையீடு, நீங்கள் கண்ணை மூடிய பிறகு, அண்ணி பேரில் இருக்கிறது. இன்னும் நாள் குறிக்கவில்லை. குறிக்கும்போது நான் எழுந்து பேச வேண்டும் என்றுதானே படிக்கப் போனேன்? காணி உறுதி எழுதி என்ன செய்ய? நமக்கு ஏது காணி?

போன லீவில் வந்தபோது இதை அண்ணியிடம் சொன்னேன். “அவ்வளவுதானே டீச்சரு? நான் ஜட்ஜு. பேசு” என்று அகப்பையோடு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“வேலியைச் சரியா வச்சிருக்க வேண்டியது பாத்திக்காரரோட பொறுப்பு...”

“இரு. மாட்டுக்காரன் பொண்டாட்டி என்னா சொன்னா?”

“அது பதிவுல இல்ல அண்ணி.”

“மாடு கறவையா?”

“அதுவும் இல்ல.”

“அடியேய், மாடு கறவையான்னுகூடத் தெரியாமயா ரெண்டு கோர்ட்டு ஏறி எறங்குறீங்க?”

நான் தடுமாறிப் போய்க் கையைக் கட்டினேன். அண்ணி அகப்பையால் பலகையில் ஒரு போடு போட்டார். “பாரு, ஒங்க அண்ணன் மாதிரியே நிக்கிறா! கையக் கட்டுனாத்தானே அந்தச் சனியன் பேச்சு வருது?” என்று கைக்கொரு தேங்காய் மூடியைத் திணித்தார். லீவு முடியும் வரை தேங்காயும் கையுமாகத்தான் வாதாடினேன். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விபூதி கொண்டுவந்தார்கள்.

அதெல்லாம் போன லீவில். இப்போது முடிந்த தவணையில் மறுபடி எழுந்தேன். கைக்கு ஒன்றாக இரண்டு தடித்த சட்டப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டேன்.

“கீழ்க்கோர்ட் தீர்ப்பு பிழையானது” என்றேன்.

“பிழையா? அந்த நீதிபதிக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களா?”

புத்தகங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். “மிகவும் கற்றறிந்த நீதிபதி. மாட்டை நன்றாகப் பார்த்திருக்கிறார். வேலியைத்தான் பார்க்கவில்லை.”

கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அண்ணி கேட்டதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். வெளியே வரும்போது விரிவுரையாளர், “மாடு தோற்றுவிட்டது. நீங்கள் அப்புக்காத்துப் படிப்பிலேயே இருங்கள்” என்றார்.

அண்ணே, ஒரு நாள் பெரிய கோர்ட்டில் அண்ணி பேரைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு நான் எழுந்து, உங்கள் பேரையும் நம் அப்பா பேரையும் முழுசாகச் சொல்வேன். இவர் இந்த நாட்டு மனுஷன், இல்லையென்று சொன்னது பிழை என்பேன். அவர்கள் எத்தனை தடவை குறுக்கே கேட்டாலும், சொல்லி முடிக்கும் வரை உட்கார மாட்டேன்.

உங்கள் பக்கம் நின்று பேசப்போகும்
தங்கச்சி செல்லம்மா