இங்கே டீ ஊற்றாதீர்கள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் சௌக்கியம். நீயும் அப்படித்தானே என்று வழக்கம்போல ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போக இந்தத் தடவை முடியாது, ஏனென்றால் கடிதமே அதற்காகத்தான். திங்கட்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டேன், சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன், தங்கச்சி இதைப் போட்டோ எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, கருமம், இதையெல்லாமா எழுதுவாங்க என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். நாலஞ்சு நாளா யூரின் கருப்பா போகுதும்மா, கடுங்காப்பி ஜாஸ்தியா குடிக்கிறேன்ல, அதான் என்றாய். நானும் மடச்சி மாதிரி கூடச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்று சொல்கிறேன், வெட்கத்தில் இதை நான் இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தையல் கம்பெனியில் பெண்கள் கழிப்பறை ஆறும் என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். மூன்றாவதில் ஃப்ளஷ் பாதிதான் இழுக்கும். போன மாதம் அதில் தினமும் டீ நிறத்தில் தண்ணீர் நின்றது. எனக்கு வந்ததே கோபம், இடைவேளையில் குடித்த மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் மகாராணிகள் என்று நினைத்து, இங்கே டீ ஊற்றாதீர்கள் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அதோடு விட்டேனா, கை கழுவுகிற இடத்தில் நின்று வருகிற போகிறவர்களை எல்லாம் ஜாடையாகத் திட்டினேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் இஸ்திரி போடுகிற பெண், வேகத்துக்காக மின்னல் என்று கூப்பிடுவோம், நான் பக்கெட் வைக்கும் மூலைக்கு வந்து, அக்கா, அது டீ இல்லக்கா, நான்தான் என்றாள். கண்ணைப் பார்த்தால் மஞ்சள். தாளைப் பார்த்த நாளிலிருந்து பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்து, அடக்கி அடக்கி வைத்திருக்கிறாள் பாவி. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவளுக்கு லீவு கேட்டால், இன்னிக்குச் சரக்கு போகணும், முடியாது என்றார் சூப்பர்வைசர். அப்ப நீங்களே வந்து மூணாவது கதவைத் திறந்து பாருங்க என்றேன், மனுஷர் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். கல்லீரல் வீங்கியிருக்கு, இன்னும் லேட் பண்ணியிருந்தா சிரமம் என்றார் டாக்டர். இப்போது வீட்டில் இருக்கிறாள், தேறிவருகிறாள்.

ஆஸ்பத்திரி லேபில் இருந்த அம்மாவை நான் விடவில்லை, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிர் மஞ்சள் என்றால் நிம்மதி. நிறம் அடர்ந்து நெடியும் தூக்கினால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. சத்து மாத்திரை போட்டால் பளிச்சென்று போகும், பீட்ரூட் தின்றால் சிலருக்குச் சிவக்கும், அதெல்லாம் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒன்றும் தின்னாமலே சிவந்தால் சும்மா இருக்கக் கூடாது. துர்நாற்றத்தோடு எரிச்சலும் சேர்ந்தால் கிருமியாக இருக்கலாம், இனிப்பு வாடை அடித்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். டீ நிறம் என்றால் கல்லீரலாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், வெக்கையில் அளவுக்கு மீறிப் பாரம் தூக்கித் தசை கெட்டதாகக்கூட இருக்கலாமாம். நிறத்த வச்சு நாமளே முடிவு பண்ணக் கூடாதும்மா, டெஸ்ட்தான் சொல்லணும் என்றாள். நேற்று மறுபடி போய், காப்பி குடித்தால் கருப்பாகப் போகுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லையடா. குடிச்ச நிறத்துலயே வெளிய வராது, பையனை உடனே போகச் சொல்லுங்க என்றாள்.

கன்டெய்னர் என்கிற அந்தத் தகரப் பெட்டிக்குள் நின்று நாள் முழுக்கச் சரக்கு இறக்குகிறாய், கழிப்பறை கிடங்கின் அந்தக் கோடியில் இருக்கிறது என்று தண்ணீரும் குடிப்பதில்லை, எல்லாம் நீயே சொன்னதுதான். டீ என்று ஒரு தடவை நம்பி ஏமாந்தேன். காப்பி என்று இன்னொரு தடவை ஏமாற மாட்டேன். உன் அறையில் இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பியிடம் பேசிவிட்டேன், இன்றைக்கே உன்னைக் கூட்டிப்போவான். லீவு தரமாட்டார்கள் என்று சாக்குச் சொல்லாதே, உங்கள் மேஸ்திரி நம்பரும் வாங்கி வைத்திருக்கிறேன், சூப்பர்வைசரிடம் பேசிய அதே வாயோடு அவரிடமும் பேசுவேன். அப்புறம் உன் மானம் போனால் என்னைக் கேட்காதே.

உடம்பு தெம்பாக, மனசு லேசாக நீ நீண்ட காலம் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். மறக்காதே, பாரம் தூக்குவதையும் தண்ணீர் குடிக்காததையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதே கதவில் இப்போது வேறு தாள் ஒட்டியிருக்கிறேன், டீ நிறத்தில் போனால் என்னிடம் வந்து சொல்லுங்கள், திட்ட மாட்டேன் என்று. இதுவரை மூன்று பேர் வந்தார்கள். நீ நாலாவது ஆள். உன்னையும் திட்ட மாட்டேன், ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பு.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா