ஆம்பிளைக் கால்

ஜூலை 9, புதன்

மேல்காத்து நிற்கவே இல்லை. மாடியில் காயப்போட்ட பாப்பா துணி ரெண்டு பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்குகிறது. துறைமுகத்துக் கரித்தூசி வேறு. வெளுத்ததெல்லாம் சாம்பல்.

வாங்க: செக்குத் தேங்காயெண்ணெய், சாம்பிராணி, ஜெயாவுக்கு ஒரு சாப்பாட்டு கேரியர். கேஸ் புக் பண்ணணும்.

திங்கட்கிழமை ஜெயா வேலைக்குத் திரும்புகிறாள். பிரசவ லீவு தீர்ந்தது. அதே கப்பல் ஏஜென்சி ஆபீஸ், அதே சீட். நான் கண்டெய்னர் யார்டு வேலையைப் போன மாதமே விட்டாச்சு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அவளுக்குச் சம்பளம் கூட, வேலையும் பிடிக்கும். எனக்கு யார்டு பிடிக்காது, யார்டுக்கு என்னையும் பிடிக்காது. ஆகவே பாப்பாவை நான் பார்ப்பேன். இதில் யாருக்கு என்ன கேடு?

அம்மாவுக்குக் கேடாம். ஜெயாவுக்குத் தாய் இல்லை என்று சாத்தான்குளத்தை விட்டு வந்து, பிள்ளை பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறாள். பேறுகாலப் பாடெல்லாம் அவள்தான் பார்த்தாள். அதற்கு வாழ்நாள் பூரா கும்பிடலாம். ஆனால் இன்றைக்குச் சொன்னது வேறு.

"அவ வேலைய விடட்டும். இல்லன்னா பிள்ளைய நான் ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம ஒங்க அண்ணன் கார் எடுத்துட்டு வாரான்."

"நான் இருக்கேம்லாம்மா."

"நீ இருந்து? கால்ல போட்டுக் குளிப்பாட்டுவியால நீ?"

குளிப்பாட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திவிட்டது.

ஜூலை 10, வியாழன்

குளித்தது பாப்பா இல்லை, நான்.

மணையில் உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, காலை நீட்டினேன். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள், பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி. மல்லாக்கப் போட்டு எண்ணெய் தேய்க்கிறவரை சரி. கவிழ்த்துப் போட்டதும் வீல் என்று ஒரு அலறல். வழுக்குது. சோப்பு கண்ணில். ஒரு கை பிள்ளைமேல், ஒரு கை செம்பில். இந்தப் பொம்பிளைகளுக்கு மூன்றாவது கை எங்கிருந்து முளைக்கிறது?

துடைக்கும்போது பார்த்தால் நெஞ்சு, வயிறு பூராவும் சிவப்பு. என் கால் முடி உரசினது.

"பாத்தியா. ஆம்பிளக் காலு ஆவாது. சொன்னேம்லா."

ஜெயா எண்ணெய் தொட்டுத் தடவினாள். ஒன்றும் சொல்லவில்லை. பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. அம்மா சொன்னது எரிச்சல். இவள் சொல்லாததுதான் வலித்தது.

மத்தியானம் ரசம் நன்றாக அமைந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சலூன். கூட்டம்.

"ரெண்டு காலும், முட்டுவர வழிச்சு விடுங்க."

"ஆப்பரேசனா அண்ணாச்சி?"

"இல்ல. பிள்ளையக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்."

பெஞ்சில் இருந்தவன் ஒருவன், "வீட்டுக்காரி குளிப்பாட்ட மாட்டாளோ?" என்று சிரித்தான்.

"அவ ஆபீசுக்குப் போறா. நீரு ஒம்ம பிள்ளைய எத்தன தடவ குளிப்பாட்டியிருக்கீரு?"

பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டான். சலூன்காரர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். மறுநாளே முள்ளு முள்ளாய் முளைக்கும், அது இன்னும் குத்தும், தினமும் வழிக்கணும். தினமும் மூஞ்சியை வழிக்கவில்லையா? கூட ரெண்டு கால். ரேசர் வாங்கியாச்சு.

ஜெயா காலைத் தடவிப் பார்த்து, "என் காலவிட நல்லாருக்கு" என்றாள். இந்த வாரம் இப்போதுதான் சிரிக்கிறாள்.

ஜூலை 12, சனி

காத்து. கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

இன்றைக்கு வழுக்கவில்லை. பாதத்தைச் சேர்த்து வைத்தால் தொட்டில் மாதிரி பள்ளம் விழுகிறது, பிள்ளை அதில் நழுவாமல் கிடக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. கவிழ்த்தபோது சிணுங்கல், அவ்வளவுதான். சாம்பிராணி காட்டுவதற்குள் தூங்கிவிட்டாள். இடுப்புதான் செத்தது. உடம்பில் ஒரு சிவப்பு இல்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். யாரிடம் சொல்ல?

அம்மா: "காதுக்குள்ள தண்ணி போவாமப் பாரு."

ஆனால் சாயங்காலம் பாப்பா சட்டைகளைத் தன் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணன் வந்தான். காபி, மிக்சர். என் காலைப் பார்த்தான்.

"என்னல இது கோலம்? அப்பா இருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு."

"பிள்ளைக்கு உரசுது, வழிச்சேன்."

"கடைக்கு வாரவன்லாம் தம்பி என்ன செய்தான்னு கேக்கான். நான் என்னன்னு சொல்லுவேன்?"

"பிள்ளை வளக்கான்னு சொல்லு."

"அசிங்கமா இருக்கும்ல."

"எனக்கில்ல. ஒனக்கு அசிங்கம்னா நீ பொய் சொல்லிக்கோ. அம்மா இருக்கணும்னா இருக்கட்டும், போகணும்னா போகட்டும். பாப்பா இங்கனதான் இருப்பா."

அண்ணனை இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. நல்லாத்தான் இருக்கிறது.

அம்மா பையைத் தூக்கினாள். ஜெயா போய் ஜிப்பைத் திறந்து, பாப்பா சட்டைகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து வைத்தாள். "அவங்க பாத்துக்கிடுவாங்க அத்தை." சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். காலில் விழுந்து நிறுத்தலாமா என்று தோன்றியது. விழவில்லை.

ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஜெயா எட்டரைக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போ போ என்று கையைக் காட்டினேன்.

குளிப்பாட்டி முடித்தபோது அம்மா போன்.

"குளிச்சாளா?"

"ம்."

"அழுதாளா?"

"இல்லம்மா."

அம்மா போனை வைக்கவில்லை.

"நீ கைப்பிள்ளையா இருக்கைல எனக்குக் காய்ச்சல். கண்ணு தெரியல. அன்னைக்கும் நாந்தாம்ல ஒன்னக் குளிப்பாட்டுனேன். ஒங்கப்பா வாசல்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு."

அப்புறம், தண்ணியைச் சூடாக ஊத்தாதே என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா பேரைச் சொல்லி என்னை அடக்கினவன் அண்ணன். இதை அவன் கேட்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு பாப்பா புட்டிப்பாலைத் துப்பினாள். பதினோரு மணிக்கும். வேறு ஒருத்தன் என்றால் சாத்தான்குளத்துக்குப் போன் போடுவான். நான் ஜெயா ஆபீசுக்குக் கிளம்பினேன். சோறு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். கேரியர் ஒரு கை, பிள்ளை ஒரு கை, ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டி எழுந்து வந்தார். பாவம், நல்ல மனுஷன், பிள்ளைக்கு வெயில் படாமல் குடை பிடித்தார். அப்புறம் கேட்டார்.

"ஏன் சார், வீட்ல பொம்பிளையாளு யாரும் இல்லியா?"

"இருக்காவ. உள்ள வேலை பாக்காவ. பிள்ளைக்குப் பசிக்குது, ஜெயாவக் கூப்பிடும்."