எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று கேட்டிருந்தாய்

அன்பு மகள் தேன்மொழிக்கு, மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். கும்பிடுகிறேனே தவிர மனது அதில் ஒட்டுவதில்லை கண்ணு. உன் தம்பி ஜீவா போனதிலிருந்து இப்படித்தான், சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, எதுவும் உறைப்பதில்லை. மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள், நானும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஆமாங்க என்கிறேன். அவன் கூட்டாளி மாதேஸ்வரன் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான், அவன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், அதுகூட வரவில்லை.

கிளப்பில் சுட்டுப் பழக எந்த ரைபிள் வாங்குவது என்று நீ போனில் கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், உன் அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதில் என்ன தெரியும், பட்டாளத்திலிருந்து வந்து வாசலூர்பட்டி படகு ஏரிப் பக்கம் டீக்கடை போட்டிருக்கும் நம்ம தனபாலிடம் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். ஏனுங்க மாமா, மிளகு விலை கேக்கற ஆளு இன்னிக்கு ரைபிள் விலை கேக்கறீங்க என்று சிரித்தான், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சின்னக் குண்டு போடுகிற பாயிண்ட் டூ டூ எடுப்பதுதான் சரி என்கிறான், பெரிய துப்பாக்கிக் குண்டு விலைக்கு இதில் எத்தனையோ முறை சுட்டுப் பழகலாமாம், தோளிலும் உதைக்காதாம். கிளப் துப்பாக்கிக்கு வரிசையில் நின்றால் உனக்கு முறை வருவதற்குள் பொழுது போய்விடுகிறது என்றாயே, சொந்தமாக ஒன்று இருப்பது நல்லதுதான். பழையது வாங்கினால் குழல் வழியாக வெளிச்சத்தைப் பார், உள்ளே துரு இருக்கக் கூடாது, வாய் விளிம்பில் சொட்டை இருக்கக் கூடாது. ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காதாம், அதனால் உனக்கு மலிவாக எப்போதும் கிடைக்கிற குண்டையே போட்டுச் சுட்டுப் பார்த்து, எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய். மினுமினுப்பைப் பார்த்து மயங்காதே, மிச்சமாகும் பணத்துக்குக் குண்டு வாங்கு.

நீ சொன்ன இரண்டில், குண்டுகளை அடுக்கிப் போடுகிற மேகசின் வைத்த புதியது வேண்டாம், கிளப் பெரியவர் விற்கிற அந்தக் கனமான பழையதையே எடு, குழல் நன்றாக இருந்தால். தனபால் இரண்டும் நல்லதுதானுங்க என்றான், இது நானாகச் சொல்வது. மேகசினைக் கழற்றிவிட்டாலும் உள்ளே ஒரு குண்டு நின்றுவிடலாம், கழற்றிவிட்டோம் என்ற நினைப்பில் ஆள் ஏமாந்துபோவான் என்று அவன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். பழையதில் ஒரு நேரத்துக்கு ஒரே குண்டு, போல்ட்டைக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் திறந்து வைத்தால் காலியா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியுமாம். நாட்டுத்துப்பாக்கியில் அது கிடையாது சாமி. வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்துவிட்டால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. பன்றிக்கென்று கெட்டித்துக் காவல் பரணில் போட்டு வைத்ததை மாதேஸ்வரனே மறந்துவிட்டான், உட்கார இடமில்லை என்று நம் பையன் அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனான். தனபால் டீக்கடை மேஜை மேல் விரலால் போல்ட்டை இழுத்துக் காட்டினான், நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டு டீயை ஆறவிட்டேன்.

உன் லைசென்ஸ் விசாரணைக்குச் சொந்த ஊரிலும் கேட்க வேண்டுமாம், போன வாரம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். நல்ல மனுஷன், ஜீவா போட்டோவைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெண் துப்பாக்கி வாங்குவதில் ஊட்டில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா என்று கேட்டார். வேண்டாம் என்றால் நீ இத்தனை வருஷம் பழகியது வீண், வாங்கட்டும் என்றால் உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது. அம்மா உள்ளே கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், கத்தியோடு அப்படியே வாசலுக்கு வந்தாள். எம்பொண்ணு வாங்கட்டுங்க, தொறந்து பாக்கோணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க, எம்பையனுக்குத்தான் ஆருமே சொல்லிக் குடுக்கலீங்க என்றாள். ஆனா அது இந்த மலை ஏறக் கூடாதுங்க என்றும் சொன்னாள். ஏட்டு தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார். அத்தனை மாதமாக அவன் பேச்சையே எடுக்காதவள் கண்ணு. எனக்கு அப்போதுகூட அழுகை வரவில்லை.

தையில் ஜீவாவுக்கு வருஷம் வருகிறது, லீவு சொல்லி வை. துப்பாக்கி பிடிக்கிற பெண் என்பதால் அம்மா உன் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று நினைத்துத்தான் நீ ஊர்ப் பக்கம் வராமல் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அவள் பார்ப்பாள். அதைக் கிளப்பிலேயே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேர், பலகாரம்கூட வேண்டாம். குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

நீ குறி வைத்ததெல்லாம் பட வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் போல்ட்டைத் திறந்து கண்ணால் பார், விரலை விட்டும் பார், பூட்டி வை, பிறகு அம்மாவுக்குப் போன் செய்து வெச்சுட்டேன்மா என்று ஒரு வார்த்தை சொல். எதை என்று அவள் கேட்க மாட்டாள். ஆனால் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்வரை சாப்பிடாமல்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா காளியண்ணன்