குடும்பத்தோடு வாருங்கள்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இது நானே எழுதும் முதல் கடிதம். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள்.

நான் காவல் காக்கும் ஏரிக்கரையில் சுற்றுலா அலுவலகம் போன வாரம் விழா நடத்தியது. கூட்டம் வந்தால் வேலை நிரந்தரமாகும், வீடும் தருவார்கள், உன்னை அழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீயும் மூட்டை கட்டிவிட்டாய். மேடை போட்டார்கள், கடை வைத்தார்கள். ஈ காக்காய் கூட வரவில்லை.

விளம்பரத்துக்குப் படமாவது எடுப்போம் என்று அதிகாரி எனக்குத் தொப்பி மாட்டிப் படகில் ஏற்றினார்.

"பெரியவரே, வெளியூர்க்காரர் மாதிரி ரசிச்சுப் பாருங்க. பக்கத்துல வீட்டுக்காரம்மா இருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க."

"அப்ப பயந்துக்கிட்டுல்ல உக்காரணும்?" என்றேன். படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்தப் படம் இப்போது பேருந்து நிலையச் சுவரில் இருக்கிறது. அடியில் இருப்பதை எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: "குடும்பத்தோடு வாருங்கள்."

இனி விழாவுக்குப் பணம் வராதாம். மாதக் கடைசியில் ஏரிக்கரையைப் பூட்டுகிறார்கள். வேலைக்குச் சேர்த்துவிட்ட மேஸ்திரி என்னை இன்னும் தொலைவில் ஒரு கிடங்குக்கு அனுப்புகிறார். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேராம். ஊருக்கு வரவும் வழியில்லை.

அந்த அறை ஜன்னலுக்குத் திரை இல்லையாம். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது. கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்துவிடு.

பெரியவளின் அப்பா