கம்பிகளுக்கு நடுவே தெரிந்த கடல்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு வழக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ நன்றாகப் பொய் சொல்வாய், நான் நம்பியதுபோல நன்றாக நடிப்பேன், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவோம். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க இப்போது உன் படங்கள்தான். நீ அனுப்புவதையெல்லாம் அப்பா அச்சுப் போட்டு வரிசையாக ஒட்டுகிறார், இடம் போதாமல் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டார், மணி பார்க்க நான் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் வேலை அதிகம். போன வாரம் ஒருவர் புது மூக்குக்கண்ணாடி வாங்கிப் போய் மறுநாளே திரும்பி வந்தார், “வீடு இவ்வளவு தூசின்னு இப்பத்தான்மா தெரியுது, பழைய கண்ணாடியையே குடுத்துடுங்க, நிம்மதியா இருந்தேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம், எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பார்க்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் நிம்மதி கிடையாது என்பது எனக்கு இந்த நாட்களில் நன்றாகப் புரிந்திருக்கிறது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் வைத்திருக்கும் உன் படத்தைப் பார்த்து “தங்கச்சியா?” என்று இன்னும் கேட்கிறார்கள். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவளுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. மகள் என்பேன், ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறாள் என்பேன். என்ன படம் என்று கேட்டால்தான் திணறுவேன், ஏனென்றால் நீ கோபுரத்தையும் சூரிய அஸ்தமனத்தையும் எடுக்கிறவள் இல்லை, பேருந்து இருக்கையில் யாரோ விட்டுப்போன குடையை எடுக்கிறவள்.

நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பியபோது நீ போட்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா. “தினம் ஒரு படம் வரும்மா. வந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். சும்மா சும்மா போன் பண்ணி எங்க இருக்கே, சாப்டியான்னு கேக்கக் கூடாது” என்றாய். அப்பா தன் பங்குக்கு ஒரு ஒப்பந்தம் போட்டார், படத்துக்காகச் சுவர்மேல் ஏறுவது, விளிம்பில் நிற்பது எதுவும் கூடாது என்று. “கேமராவால விழுந்தேன்னு மட்டும் கேள்விப்பட்டேன், அதை நானே உடைச்சுக் குப்பையில போட்டுடுவேன்” என்றார். நீ கேமராமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாய். நானும் வாக்குத் தவறாமல் இருந்தேன், போன் செய்வதற்குப் பதிலாகப் படத்தைப் பார்த்தேன். காலையில் கடைக்குக் கிளம்பும்முன் ஒருமுறை, மதியம் சாப்பிடும்போது ஒருமுறை. மலை ஊரின் சலவைக் கொடிகள், ரயில் ஜன்னலில் கன்னம் ஒட்டித் தூங்கிய பெரியவர், மூடிய சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னல். உன்னால் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது, கடைக்குப் போகும் வழியில் நானும் ஏதாவது ஒன்றை எடுக்கிறேன். செருப்புத் தைப்பவரின் ஊசிகள், வங்கி வாசலில் ஈரக்குடைகளின் வரிசை. நல்ல படங்கள் இல்லை. ஆனால் பதினைந்து வருடமாக நடக்கும் தெருவில் ஒரு நீலக் கதவு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏரி ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினாயே, பாழடைந்த கோட்டையும் கீழே தண்ணீரும். அழகான படம், ஆனால் அதில் உன் காலடியில் தரையே இல்லை. அதன்பிறகு இரண்டு நாள் படம் வரவில்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்றாய், கடலோர ஊருக்கு வந்துவிட்டேன் என்று விடுதி முகவரியை மாமாவுக்குக் கொடுத்து வேறு சார்ஜர் அனுப்பச் சொன்னாய். பிறகு படங்கள் மறுபடியும் ஒழுங்காக வர ஆரம்பித்தன. அந்தப் படங்களைத்தான் சொல்கிறேன். ஒரு நடைபாதை, கோடியில் பச்சைக் கதவு, அதன் கைப்பிடி உன் கண் மட்டத்துக்கே இருக்கிறது. விடுதி வரவேற்பு மேஜை, அதற்குப் பின்னால் இருக்கிறவருக்கு மோவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரிகின்றன. ரொட்டிக் கடையில் கீழ்த்தட்டு கண்ணுக்கு நேராக இருக்கிறது. என் வேலை உனக்குத் தெரியும், வருகிறவரின் கண் எந்த உயரத்தில் உட்காருகிறது என்று பார்த்து பிரேமில் மையால் புள்ளி வைப்பது. உன் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த உயரத்தில் அது இல்லை. வீடியோவில் வா என்றால் நெட் இல்லை என்கிறாய், நெட் இல்லாத ஊரிலிருந்து படம் மட்டும் எப்படி வருகிறதோ. ஒரு ஊரில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்காதவள் அதே விடுதியில் வாரக்கணக்கில் இருக்கிறாய். கேட்டால், “நடந்து நடந்து கால்தான்மா வலிக்குது” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

மாமாவிடம் காட்டினேன். கல்யாண வீடுகளில் படம் எடுத்து எடுத்து அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. “அக்கா, இது ஸ்டைலு. தாழ இருந்து எடுத்தா ஒரு கெத்து இருக்கும். பாப்பா முன்னேறிட்டா, நீதான் பயந்து சாகுற” என்றான். நானும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தக் கடல் படம் வந்தது, தடுப்புக் கம்பிகளும் பின்னால் கடலும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாடிவீட்டுக்காரர் வேறு எதிரே வந்து “என்ன சார், தவணை தவணையா வீடு மாத்துறீங்களா?” என்று கேட்டார். “ஆமா சார், கட்டில் நாளைக்கு” என்று அப்பாவும் சொன்னார். பாலத்தில் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன், ஆறு மேல்கம்பிக்கு மேலே தெரிந்தது. குனிந்து எடுத்தேன், நிலைகொள்ளாமல் சாய்ந்து வந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். ஆறு கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது, உன் கடலைப் போலவே, அதே இடத்தில் கோடு. போனை அப்பாவிடம் நீட்டினேன். “அங்க பெஞ்ச் இருக்கும்டி, உக்காந்து எடுத்திருப்பா” என்றார். நடைபாதை நடுவிலுமா பெஞ்ச், ரொட்டிக் கடையிலுமா, வரவேற்பு மேஜைக்கு எதிரிலுமா என்று கேட்டேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். திரும்பும்போது நாற்காலியைத் தோளில் போடாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார், அவருக்கு முகம் மறைய வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் உனக்குப் போன் செய்து உளறியது எனக்குத் தெரியும். “உங்கம்மா நாற்காலி போட்டு அளந்துட்டிருக்கா, நீ எதுக்கு எல்லாத்தையும் உக்காந்தே எடுக்கறே?” என்று கேட்டாராம், நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். மறுநாள் படம் வந்தது. மீன் ஏலம் நடக்கும் கூடம், நல்ல உயரத்திலிருந்து, தலைகளெல்லாம் கீழே தெரிய. பார்த்தவுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அப்பா என்னைப் பார்த்து “போதுமா, நிக்கறாளா?” என்றார். அந்தக் கால் மணி நேரம் நான் அனுபவித்த சந்தோஷத்துக்கு உன்னை மன்னிக்க மாட்டேன். ஏனென்றால் அப்புறம் படத்தை மறுபடியும் பார்த்தேன். ஏலம் கூறுகிறவர் சரியாக நடுவில் நிற்கிறார், இரண்டு பக்கமும் சமமாக ஆட்கள். நீ எதையாவது நடுவில் வைத்து நான் பார்த்ததே இல்லை, உன் படத்தில் நடுவிடம் எப்போதும் காலியாக இருக்கும், ஆள் ஓரத்தில் பாதி வெளியே போய்க்கொண்டிருப்பார். அதோடு அந்தக் கண் உன் கண்ணைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மாமாகூட போனிலேயே பார்த்துவிட்டு, “இது பாப்பா எடுத்தது இல்லக்கா” என்று சொல்லிவிட்டான். கேமராவுக்குப் பின்னால் இருந்தால் படத்தில் நாம் இல்லை என்று நினைத்துவிட்டாய் கண்ணு. நான் இத்தனை நாளும் அந்தப் படங்களில் உன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் தெரியாதது அடி எவ்வளவு என்பதுதான். கணுக்காலா, முட்டியா, இடுப்பா, அதற்கும் மேலா. நிறையப் புத்தகம் படிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இப்போது தெரிகிறது, மனசு ஒரு வார்த்தையில் நிற்கமாட்டேன் என்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையைக் கட்டிக் கடைசி அத்தியாயம்வரை போய்விடுகிறது. அப்போதெல்லாம் உன் படங்களைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். எதுவும் ஆடவில்லை, ஆகவே கை உறுதியாக இருக்கிறது. ஒரே ஜன்னலை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்திருக்கிறாய், ஆகவே கழுத்து திரும்புகிறது. பூனையின் வாலை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறாய், ஆகவே புத்தியும் பழையபடிதான் இருக்கிறது. உன்னைக் கடல்வரை தள்ளிக்கொண்டு போகவும், உனக்காக எழுந்து நின்று படம் எடுக்கவும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். அவர் யாரென்று நான் கேட்கப்போவதில்லை, நீயே சொல்லும்வரை. நடுவில் வைத்தே எடுத்தாலும் பரவாயில்லை, அவருக்கு என் நன்றியைச் சொல். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லவே கோபமாக வருகிறது: நீ எடுத்ததிலேயே நல்ல படங்கள் இவைதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்களின் கைகள்தான் முதலில் தெரிகின்றன என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆகவே கேமராவை மூட்டைகட்டச் சொல்வேன் என்று பயந்து ஒளித்திருந்தால், அந்தப் பயத்தை விட்டுவிடு. அப்பா இதை எழுதச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதைப் போய் இவ பெருசா எடுத்துக்கிட்டாளே. நான் எதையும் உடைக்கல, உடைக்க மாட்டேன்னு எழுது.” எழுதச் சொல்லிவிட்டு, எழுதினேனா என்று என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

கடையில் விடுப்பு சொல்லிவிட்டேன், ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இதைக் கூரியரில் போடுகிறேன், எனக்கு ஒரு நாள் முன்னதாக உன் கைக்கு வந்துவிடும். சொல்லாமல் வந்து கதவைத் தட்டி உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை, நீயாகச் சொல்ல உனக்கு ஒரு பகல் இருக்கட்டும். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்கிற வாக்கியத்தை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன், அப்பாவும் தன்னுடையதை உள்ளே போட்டுவிட்டார். அதுவரை வேளைக்குச் சாப்பிடு, மாத்திரை கொடுத்திருந்தால் பாதியில் நிறுத்தாதே, ஒரே பக்கமாக வெகுநேரம் உட்காராதே, லென்ஸைத் துப்பட்டாவால் துடைக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உன்மேல் நல்ல வெளிச்சம் விழட்டும், நல்ல மனிதர்கள் பக்கத்தில் நிற்கட்டும், சீக்கிரம் நீயும் அவர்களோடு எழுந்து நிற்க வேண்டும். நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காதே: இது கைக்கு வந்ததும் அன்றைய படத்தை அனுப்பிவிடு. கடலும் வேண்டாம், பூனையும் வேண்டாம். கட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, உன் காலை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, ஒரே ஒரு தடவை, சரியாக நடுவில் வைத்து எடு.

உன் படத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா