ஐந்துக்கு ஏழு

ஜூன் 4

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குச் சளி தேவலை. கப்பலில் தூங்க விடுகிறார்களா?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலை மூன்றாம் முறையாக எழுதப் போகிறேன். பாஸானால்தான் நர்ஸ் படிப்பு. அத்தை சிரிக்கிறார், சிரிக்கட்டும். சமையல் சோடாவும் வினிகரில் உள்ள அமிலமும் சேரும் சமன்பாட்டில் ஒரு சோடாவுக்கு ஒரு அமிலம் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் எடையும் சமம்தானே? புத்தகம் இல்லை என்கிறது. மண்டை காய்கிறது.

உங்கள் வாயாடி

ஜூன் 19

அன்புள்ள வாயாடிக்கு,

ஒன்றுக்கு ஒன்று என்றால் சமம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தில் அச்சுப்பிழையாக இருக்கும். இரண்டு முறை ஃபெயிலாகி நீ அழுதது போதும். இந்தத் தடவை ஃபீஸ் கட்டாதே. வீட்டில் நிம்மதியாக இரு.

அத்தான்

ஜூலை 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து வந்த கோபத்தில் நேரே சமையலறைக்குப் போனேன். நூறு மில்லி வினிகரில் அமிலம் ஐந்து கிராம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. அதில் ஐந்து கிராம் சமையல் சோடாவைக் கொட்டினேன். பொங்கி அடங்கியது. இன்னொரு சிட்டிகை போட்டால் மறுபடியும் பொங்குகிறது. அமிலம் மிச்சம் இருந்திருக்கிறது. ஏழு கிராம் போன பிறகுதான் ஓய்ந்தது.

எஞ்சின் அறையில் ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டுதானே மாட்டுகிறீர்கள்? அதற்காகக் கால் கிலோ போல்ட்டுக்குக் கால் கிலோ நட்டு கேட்பீர்களா? எண்ணிக்கைதான் ஒன்றுக்கு ஒன்று. எடை அததற்கு வேறு. மூலக்கூறு எடையில் அமிலம் அறுபது என்றால் சோடா எண்பத்து நான்கு. அந்தக் கணக்கில் ஐந்துக்கு ஏழு. புத்தகம் சரி, நாம் இரண்டு பேரும்தான் தப்பு.

என்னை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஃபீஸ் கட்டிவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

ஜூலை 28

அன்புள்ள வாயாடிக்கு,

கோபித்துக்கொண்டேன், ஒரு பொழுது. அப்புறம் அந்த நட்டு போல்ட்டை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எழுதியது எந்த டீச்சர் என்று சீஃப் எஞ்சினியர் கேட்டார்.

"என் வீட்டுக்காரி சார். நர்சுக்குப் படிக்கிறா" என்றேன். எனக்கு இத்தனை பெருமை எந்த வேலையிலும் வந்ததில்லை. உன்னைப் போய் வேண்டாம் என்று சொன்னேனே.

பரீட்சை முடியும்வரை சின்னவளைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ படி.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொரு கிராம் சோடாவுக்குப் பதினைந்து கிராம் அமிலம் வருகிறது. சரியா என்று திருத்தி அனுப்பு.

அத்தான்