புகையிலைப் பொட்டலம் பற்றி ஏசி அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றபோது ஏசியில் அனல் காற்று வந்தது. பின்சீட்டில் இருந்த மகள், "அப்பா, தலைமுடி காய வைக்கிற மெஷின் மாதிரி வருதுப்பா" என்றாள். ஓரம் கட்டினேன். எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறக்கவில்லை. நீங்கள் செய்வதுபோல ஏசியை ஓடவிட்டு, வண்டியின் முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். கம்ப்ரசர் பிடிக்கும் 'டக்' கேட்டது. அடுத்து வரவேண்டிய, பானெட்டுக்குள் இருக்கும் விசிறியின் சத்தம் வரவில்லை.

அந்த நொடியில் புகையிலை வாடை அடித்தது. வண்டியில் புகையிலை கிடையாது. வைப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது.

நான் தூத்துக்குடியிலிருந்து வந்து நூம்பலில் ஃப்ளாட் வாங்கி, கூடவே ஒரு பழைய காரையும் வாங்கிய புதிது. ஏசி குளிரவில்லை. பெரிய கடையில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார்கள். யாரோ கைகாட்ட, பூந்தமல்லி ரோட்டோரம் உங்கள் தகரக் கொட்டகைக்கு வந்தேன். குழாய் மூட்டில் சோப்பு நுரையைத் தடவி, ஒரு குமிழி பெரிதாவதைக் காட்டினீர்கள். "இன்னா நைனா, பஞ்சருக்குப் போய் வண்டியவே மாத்துவியா?" என்று சிரித்தீர்கள். ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினீர்கள். திரும்பும்போது எனக்குக் குளிரில் தும்மல் வந்தது.

உங்கள் நம்பரை எங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேராக எங்கள் பார்க்கிங்குக்கு வந்துவிடுவீர்கள். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்கும். அதன்மேல் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவீர்கள். எத்தனை பேர் சுற்றி நின்றாலும், "நம்ம நைனா வண்டி மொதல்ல" என்பீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் என் வண்டிக்கு கேஸ் நிரப்பிவிட்டு, ஒரு ஒயரைக் காட்டினீர்கள். "எலி கடிச்சிகீது பாரு. உஷாரா இரு." மறுநாள், இரண்டாம் மாடிக்காரர் சொன்னபடி, புகையிலையைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி பானெட்டுக்குள் செருகினேன். எங்கள் ஃப்ளாட்டில் பாதி வண்டிகளில் அப்படி ஒன்று இருக்கும். அந்த வாடைக்கு எலி வராது என்று நம்பிக்கை. செருகியதை அன்றே மறந்தும் போனேன்.

அந்த வாரமே ஊரிலிருந்து அம்மா வந்தாள். அம்பத்தூரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எஸ்டேட் சிக்னலில் ஏசி அனலைக் கக்கியது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. அங்கேயே உங்களுக்குப் போன் போட்டேன்.

"ஓடும்போது கூலிங் வருதா நைனா? நின்னா மட்டும் சூடாவுதா?"

சரியான கேள்வி அண்ணே. ஓடும்போது எதிர்காற்றே போதும், நின்றால்தான் விசிறி வேண்டும். அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் போதும். "கேஸே போடாம ஏமாத்திட்டு கேள்வி வேற கேக்கீங்களா?" என்று கத்திவிட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன்: 'இவர் ஏமாற்றுகிறார். யாரும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.' எழுபது வீட்டுக்காரர்கள் படித்தார்கள். அடுத்த ஞாயிறு வாட்ச்மேன் உங்களை கேட்டிலேயே நிறுத்தினார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். டூல்ஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை நீங்கள்.

அன்று மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்கள். பத்து நாள் கழித்துத்தான் கேட்டேன். "நைனா, ஏசியப் போட்டுட்டு ஒரே ஒரு வாட்டி முன்னாடி நின்னு பாரு. ஃபேனு சுத்துதா பாரு. அவ்ளோதான்."

நின்று பார்த்தேன். சுற்றவில்லை. டார்ச் அடித்தேன். என் வேட்டித் துணி விசிறியின் இறக்கைகளில் சுற்றி, புகையிலையோடு சிக்கிக் கிடந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. துணியை உருவி, ஃப்யூஸை மாற்றியதும் ஏசி ஐஸாகக் குளிர்ந்தது. நீங்கள் நிரப்பிய கேஸ் ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது.

பொட்டலத்தை யாரும் பார்க்காமல் குப்பையில் போட்டேன். குழுவில் எதுவும் எழுதவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்கு மரியாதை ஒரு நல்ல சாக்கு.

பிறகு ஒருமுறை பூந்தமல்லி டீக்கடையில் எதிர்ப்பட்டோம். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"கூலிங் வருதா சார்?"

"வருது."

"நல்லது சார்."

அந்த 'சார்' இருக்கிறதே அண்ணே, நீங்கள் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையில் டீ இருந்தது, எதிரில் நீங்கள் இருந்தீர்கள், சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான்கு மாதம் கழித்துக் கொட்டகை பூட்டியிருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர், "அண்ணாத்தே தவறிட்டாரு சார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள" என்றார். விலாசம் கேட்டுக்கொண்டு கோவில்பதாகைக்குப் போனேன். உங்கள் மனைவி, அந்த அக்கா, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னதும் அழுதுவிட்டார்.

"நூம்பல் நைனாவா? உங்களப் பத்தி எப்பவும் சொல்லிக்கினே இருக்கும். அந்தப் புள்ளதான் நம்பள நாலு பேருக்குக் காட்டி வுட்டுதுன்னும். அப்பால ஏன் அங்க போவலன்னு கேட்டா, வெயில்ல முடியலன்னுச்சு."

நீங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போய்விட்டது.

இன்றைக்கும் ஃப்யூஸ்தான் போயிருந்தது. நானே மாற்றினேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, வாசலிலேயே வண்டியை நிறுத்திக் குழுவில் எழுதினேன். அன்று ஏமாற்றியது நீங்கள் அல்ல, உங்கள்மேல் பழி போட்டவன் நான், விசிறியில் சிக்கியது நான் வைத்த துணி என்று எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் காலமானதை மட்டும் எழுதக் கை வரவில்லை.

அன்று படித்தவர்களில் பாதிப்பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "நல்ல மெக்கானிக் போலிருக்கே சார். அவர் நம்பர் கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

இன்னும் பதில் போடவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது, நீங்கள் என்னைக் கடைசியாக நைனா என்று கூப்பிட்ட அந்த வாய்ஸ் மெசேஜும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போகிறேன். அக்கா தண்ணீர் கொண்டுவருவார். இந்த முறை வாங்கிக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.